முள் ஓணானின் வருங்கால உடல்

ஆஸ்திரேலியாவின் நடுவிலும் மேற்கிலும் உள்ள வறண்ட மணல்வெளிகளில் ‘தார்னி டெவில்’ என்னும் முள் ஓணான் வாழ்கிறது. அதிகம் போனால் 20 செ.மீ. நீளம். உடலெங்கும் முட்கள், பிடரியில் போலித் தலை போல ஒரு புடைப்பு. பகை நெருங்கினால் நிஜத் தலையை முன்கால்களுக்கிடையே தாழ்த்திப் புடைப்பை முன்னே காட்டும்.

அதைவிட வியப்பானது அதன் தோல். செதில்களுக்கிடையே மயிரிழை போன்ற வாய்க்கால்கள் உடல் முழுவதும் ஓடி வாயோரத்தில் முடிகின்றன. ஈர மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டால், நீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வாய்க்கு வந்து சேரும். வட அமெரிக்கப் பாலைகளின் கொம்புப் பல்லிகள் இதற்கு நெருங்கிய உறவில்லாதவை. அவற்றுக்கும் முள், எறும்புத் தீனி, தோல் வாய்க்கால் மூன்றும் உண்டு. ஒரே நெருக்கடிக்குப் பரிணாமம் இருமுறை ஒரே விடை கண்டிருக்கிறது. வருங்கால உயிரினத்தை ஊகிப்பது வெறும் கதையாகிவிடாமல் இருப்பதற்கு இதுவே ஆதாரம். 5 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய விலங்குகளைக் கற்பனை செய்து டூகல் டிக்சன் 1981-இல் எழுதிய ‘ஆஃப்டர் மேன்’ நூலும் இவ்வகை முயற்சியே.

முள் ஓணானின் பலவீனம் அதன் சாப்பாட்டு முறையில் இருக்கிறது. எறும்புச் சாரை அருகே நின்று, நாக்கால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன நெடுநேரம் வேண்டும். மண் கொதித்தால் இரைதேடும் நேரம் சுருங்கும். மெக்சிகோவில் 1975-க்குப் பின் முட்செதில் பல்லிக் கூட்டங்களில் 12 சதவீதம் அழிந்ததற்கு இந்த நேரச் சுருக்கமே காரணம் என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

எனவே வெப்பம் கூடிய வருங்காலத்தில் தப்பிப் பிழைக்கும் முள் ஓணான் சந்ததி அந்திக்கும் இரவுக்கும் நகர்ந்திருக்கலாம். எறும்புகளில் பல இனங்கள் இரவிலும் நடமாடுகின்றன. அப்போது கண் பெரிதாகும். பகலில் வேட்டையாடும் பறவைகளின் தொல்லை குறையும். போலித் தலைக்கும் நெடிய முட்களுக்கும் தேவை குன்றி அவை சிறுக்கலாம். வாய்க்கால்கள் அப்படியல்ல. இரவுப் பனியே முதன்மையான நீராகும்போது அவை இன்னும் நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கும்.

கால்கள் மறையுமா? ஆஸ்திரேலியாவின் லெரிஸ்டா அரணைகளில் ஐந்து விரல் கொண்டவையும் உண்டு, காலே இல்லாதவையும் உண்டு. அந்த மாற்றத்துக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளே போதுமானதாக இருந்திருக்கின்றன. ஆனால் அவை மணலுக்குள் நெளிந்து போகிறவை. சாரையருகே நின்று தின்னும் பிராணிக்குக் கால் வேண்டும். பாம்பு போன்ற முள் ஓணானை வரைவது கவர்ச்சியானதுதான், ஆனால் பொருந்தாது.

நிலமும் சும்மா இருக்கப்போவதில்லை. ஆஸ்திரேலியா ஆண்டுக்குச் சுமார் 7 செ.மீ. வடக்கே நகர்கிறது, இதே வேகத்தில் ஒரு கோடி ஆண்டில் 700 கி.மீ. வட பகுதி மழைமிகுந்த வெப்பமண்டலத்துக்குள் போகும். தென் பகுதி இன்றைய பாலை அகலாங்குக்கு வரும். முள் ஓணானின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகத் தெற்கே பரவ வேண்டியிருக்கும். இடையில் ஈரக்காடு குறுக்கிட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் இரண்டு இனங்கள் உருவாகலாம். முள் ஓணான் அடங்கும் மோலக் பேரினத்தில் இன்றிருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே.