சோனார் ஆற்றல்மாற்றியின் பொருத்திடமும் சீரமைப்பும்

மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிக் கடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்குறிப்பாக மாற்றும் கருவி ஆற்றல்மாற்றி ஆகும். இதனை டிரான்ஸ்டியூசர் என்றும் அழைப்பர். அது கப்பலில் எந்த இடத்தில், எந்தத் திசையை நோக்கிப் பொருத்தப்பட்டுள்ளது என்பதை அளந்து கணினியில் பதிவதும், எஞ்சும் கோணப் பிழைகளைக் கடலில் ஓட்டிப் பார்த்துக் கண்டறிவதும் சேர்ந்ததே அதன் சீரமைப்பு. கடலடி வரைபடம் எடுக்கப் பயன்படும் பல்கற்றை எதிரொலிமானியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

சிறு கோணம், பெரும் பிழை

பல்கற்றை எதிரொலிமானி கப்பலின் இருபுறமும் விசிறி போல விரியும் பல கற்றைகளில் எதிரொலியைப் பெறுகிறது. உண்மையில் அது அளப்பவை இரண்டே: ஒலி சென்று திரும்பிய நேரம், எதிரொலி வந்த கோணம். கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் என்பதால் நேரத்திலிருந்து தூரம் கிடைத்துவிடும். கோணமோ ஆற்றல்மாற்றியைப் பொறுத்தது. ஆற்றல்மாற்றி 1 பாகை பக்கவாட்டில் சாய்ந்திருப்பதைக் கணினி அறியாவிட்டால், 1000 மீட்டர் ஆழத்தில் 60 பாகைக் கற்றை காட்டும் ஆழம் சுமார் 30 மீட்டர் தவறும். ஒரு புறம் ஆழம் கூடும், மறுபுறம் குறையும். சமதளமான கடலடி சரிவாகத் தோன்றும்.

ஆழம் குறைந்த துறைமுகப் பகுதிகளில்தான் இதன் விளைவு கடுமையானது. மொனாக்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர்ப்பரப்பு வரைவியல் அமைப்பு எஸ்-44 என்ற தரநிலையை வெளியிடுகிறது. கப்பலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறைவாக உள்ள இடங்களுக்கான அதன் சிறப்பு வகையில், 40 மீட்டர் ஆழத்தில் அனுமதிக்கப்படும் மொத்தச் செங்குத்துப் பிழை ஏறக்குறைய 0.39 மீட்டர். அரை பாகைச் சாய்வு ஒன்றே விளிம்புக் கற்றையில் 0.6 மீட்டர் பிழையைத் தந்துவிடும்.

எங்கே பொருத்துவது

ஆற்றல்மாற்றியின் முதல் எதிரி காற்றுக்குமிழி. அலையில் கப்பலின் முன்முனை நீரில் மோதும்போது உருவாகும் குமிழிகள் அடிப்பகுதி வழியே பின்னோக்கி வழிந்து ஒலியைத் தடுக்கின்றன. பின்புறத்திலோ உந்துசுழலியின் இரைச்சல். எனவே, முன்முனையை ஒட்டாமலும் இயந்திர அறையிலிருந்து விலகியும், கப்பலின் முன்பாதியில் இடம் தேடுவது வழக்கம். சில ஆய்வுக் கப்பல்களில் குமிழிப் படலத்துக்குக் கீழே இருக்கும்படி, அடிப்பகுதிக்கு வெளியே தனிக் கூடு அமைத்து அதில் பொருத்துகின்றனர். சிறு படகுகளில் பக்கவாட்டுக் கம்பத்தில் கட்டி இறக்குவர். கம்பம் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் வந்து நிற்கிறதா என்பது அங்கே தனிக்கவலை.

இடத்தை அளத்தல்

கப்பலில் ஒரு புள்ளியை ஆதாரப் புள்ளியாகக் கொண்டு, ஆற்றல்மாற்றி, அசைவுணரி, செயற்கைக்கோள் வழிகாட்டி அலைவாங்கி ஆகியவை அதிலிருந்து முன்னே, பக்கத்தில், கீழே எவ்வளவு தொலைவில் உள்ளன என்று அளக்க வேண்டும். கப்பல் உலர்துறையில் இருக்கும்போது டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளப்பதே நம்பகமானது. அலைவாங்கி ஆற்றல்மாற்றிக்கு 20 மீட்டர் மேலே இருந்து, அந்த உயரம் பதியப்படவில்லை என்று கொள்வோம். கப்பல் 5 பாகை சாயும்போது அளவீடு பக்கவாட்டில் 1.7 மீட்டர் நகர்ந்துவிடும்.

குறிகளில் தனிக் கவனம் தேவை. சில மென்பொருள்கள் கீழ்நோக்கிய தொலைவை நேர்மமாகவும், வேறு சில மேல்நோக்கியதை நேர்மமாகவும் கொள்கின்றன. 3 மீட்டர் கீழே என்பதை மேலே என்று பதிந்தால் பிழை 3 அல்ல, 6 மீட்டர். எரிபொருள் தீரத் தீரக் கப்பல் மிதந்து உயர்வதால், நீரில் அமிழ்ந்துள்ள ஆழத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை

எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் சிறு கோணங்கள் எஞ்சும். அவற்றைக் கடலடியைக் கொண்டே கண்டுபிடிப்பது பேட்ச் டெஸ்ட் எனப்படும். ஆற்றல்மாற்றியின் சாய்வு கப்பலோடு சேர்ந்தே திரும்பும், கடலடி திரும்பாது. இந்த வேறுபாடே சோதனையின் அடிப்படை.

ரோல் எனப்படும் பக்கவாட்டுச் சாய்வுக்கு, சமதளத்தின் மேல் ஒரே கோட்டில் எதிரெதிர்த் திசைகளில் ஓட வேண்டும். சாய்வுப் பிழை இருந்தால் இரு பரப்புகளும் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்ளும். அவற்றிடையே உள்ள கோணத்தில் பாதியே பிழை. பிட்ச் எனப்படும் முன்பின் சாய்வுக்கும் எதிரெதிர் ஓட்டமே, ஆனால் சரிவின் மேலோ பாறை போன்ற தனிப்பொருளின் மேலோ ஓட வேண்டும். 100 மீட்டர் ஆழத்தில் 1 பாகைப் பிழை இருந்தால், பொருள் இரு ஓட்டங்களில் 3.5 மீட்டர் இடைவெளியில் தெரியும். யா எனப்படும் திசைப் பிழைக்கு இரு இணைகோடுகளில் ஒரே திசையில் ஓடி, இடையிலுள்ள பொருளை விளிம்புக் கற்றைகளால் பார்க்கின்றனர். நேரத் தாமதத்தை அறிய, ஒரே கோட்டில் ஒரே திசையில் இரு வேகங்களில் ஓடினால் போதும்.

சோதனைக்கு முன் அவ்விடத்தில் ஒலிவேகத்தை ஆழவாரியாக அளந்திருக்க வேண்டும். ஒலிவேகம் தவறினாலும் விளிம்புகள் கெடும். மாணவர்கள் இதனை ரோல் பிழையோடு குழப்பிக்கொள்வதுண்டு. சமதளத்தில் இரு விளிம்புகளும் ஒருசேர மேலேயோ கீழேயோ வளைந்தால் ஒலிவேகத்தை ஐயுற வேண்டும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் அது ரோல்.

கிடைத்த கோணங்களை அளவீட்டு மென்பொருளிலோ பதப்படுத்தும் மென்பொருளிலோ ஏதேனும் ஒன்றில் மட்டும் இட வேண்டும். இரண்டிலும் இட்டால் திருத்தம் இருமுறை நிகழும். ஆற்றல்மாற்றி அல்லது அசைவுணரி கழற்றி மாட்டப்பட்டால் சோதனையை மீண்டும் நடத்த வேண்டும். மூலத் தரவு சேமிக்கப்பட்டிருந்தால் தவறான கோணத்தைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். குமிழிகளால் இழந்த எதிரொலியை மீட்க மீண்டும் கடலுக்குத்தான் செல்ல வேண்டும்.