பகிடி எங்கே வதையாகிறது?

தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்து மன்னாருக்குத் திரும்பிய பிள்ளையொன்று வகுப்பில், "டீச்சர் என்கிட்ட நல்லா பேசினாங்க" என்கிறது என்று வையுங்கள். வகுப்பே சிரிக்கும். இங்கே 'பேசுவது' என்றால் ஏசுவது; மற்றதெல்லாம் 'கதைப்பது'. முதல் நாள் அது வெறும் சிரிப்பு. மூன்றாம் நாள் பட்டப்பெயர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பிள்ளைகள் புத்தளத்துப் பேச்சோடு எருக்கலம்பிட்டிக்கு வந்தபோதும் இதே கதைதான். பட்டம் தெளிப்பது நமக்குப் புதிதா என்ன?

"சும்மா பகிடிக்கு" என்பார்கள். பகிடியையும் வதையையும் பிரிக்க நோர்வேயின் உளவியலாளர் டான் ஒல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: நோகடிக்க வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதுதான் முக்கியம். சமபலம் உள்ள இருவர் மாறி மாறி நக்கலடித்தால் அது விளையாட்டு. ஒருவருக்கு மட்டும் வாய் அடைத்துப்போனால் அது வேறு.

பகிடிவதை என்றதும் நம் நினைவுக்கு வருவது பல்கலைக்கழகம். 1997 இல் பேராதனையில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டு பகிடிவதையைத் தடை செய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது உயர்கல்வி நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இடைவேளைக்குள் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

அங்கே யார் இருக்கிறார்கள்? கனடாவில் ஆய்வாளர்கள் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரேய்க்கும் விளையாட்டுத் திடலைக் கமராவில் பதிந்து பார்த்தார்கள். 2001 இல் வெளியான அந்த ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது வதைச் சம்பவங்களை மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தடுக்க வந்ததோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பவங்களில்தான். ஆனால் யாராவது தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பத்து விநாடி! வதைப்பவனுக்கு வேண்டியது சிரிக்கும் கூட்டம். அது கலைந்தால் அவனுக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் ஆசிரியரிடம் சொல்லும் பிள்ளைக்குக் 'கோள்மூட்டி' என்ற பட்டம் காத்திருக்கிறது. பின்லாந்துப் பள்ளிகளின் வதைத் தடுப்புத் திட்டமான 'கிவா' இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியின் குழு உருவாக்கிய திட்டம் அது. விஷயம் தெரிந்ததும் ஆசிரியர் அதே வகுப்பில் இரண்டு முதல் நான்கு நல்ல பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, வதைபடும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள் என்கிறார். சண்டை பிடிக்கச் சொல்வதில்லை. அதே வாங்கில் போய் இருந்து, "வா, விளையாடப் போவம்" என்று கூப்பிட்டால் போதும்.