பின்னலாடை ஊரிலிருந்து சென்னைக்கு: ஒரு ஸ்டாப்பரின் கணக்கு

இத்தாலியின் வடபகுதியில், மொடேனா மாவட்டத்தில், கார்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் மரச்சீவலில் தொப்பி பின்னிய ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பின்னலாடைக்கு மாறியது. சிறு சிறு யூனிட்டுகள், வீட்டோடு நடக்கும் ஜாப் ஒர்க், ஒருவர் பின்ன, இன்னொருவர் வெட்ட, மற்றொருவர் தைக்க என்று ஊரே ஒரு தொழிற்சாலையாக வளர்ந்தது. திருப்பூர்க்காரர் ஒருவர் அங்கே போய் இறங்கினால், மொழி தெரியாமலே தொழிலைப் புரிந்துகொள்வார். 1996-ல் அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு, பெருஜா அணி தன்னிடமிருந்த 23 வயது ஸ்டாப்பர் ஒருவரைக் கடனாக அனுப்பிவைத்தது. பெயர் மார்கோ மெட்டராஸி. உயரம் 1.93 மீட்டர். மூன்றாம் தட்டு லீக்கில் அவர் ஆடுவதைப் பார்த்த யாரும், பத்தாண்டு கழித்து இவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடிப்பார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்கும் எட்டாண்டு கழித்து அவர் சென்னைக்கு வந்து ஆடுவார் என்பதையும்தான்.

ஸ்டாப்பர் என்று நம் மைதானங்களில் சொல்வது, கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்ட வீரரை. கோல் அடிப்பவரின் பெயர் பலகையில் ஏறும்; விழாமல் போன கோலுக்குப் பலகையில் இடம் இல்லை. அதனால் இவருடைய வேலை முரட்டு உடம்புக்காரரின் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மைதானத்திலேயே அதிகம் கணக்குப் போடுபவர் இவர்தான்.

முதல் கணக்கு கோணம். கோல் கம்பங்களுக்கு இடையே அகலம் 7.32 மீட்டர். எதிரணி முன்கள வீரர் கோலுக்கு நேர் எதிரே 20 மீட்டர் தூரத்தில் பந்தோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப்பர் பந்திலிருந்து 5 மீட்டர் தள்ளி நின்றால், தரையோடு வரும் அடி எல்லாவற்றையும் மறிக்க அவர் 1.83 மீட்டர் அகலத்தை அடைக்க வேண்டும். ஆளால் ஆகாது. பந்துக்கு 2 மீட்டர் அருகில் வந்துவிட்டாரென்றால்? வெறும் 73 சென்டிமீட்டர் போதும். ஒரு காலை நீட்டினால் அந்த அகலம் அடைபட்டுவிடும். மூன்று மீட்டர் முன்னால் ஓடி வந்ததில் ஏழேகால் மீட்டர் வாசலை ஒற்றை ஆள் சாத்திவிட்டார்!

இன்னும் நெருங்கினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. கண் பார்த்ததைக் கால் செய்ய மனித உடம்புக்குக் குறைந்தது 0.2 நொடி ஆகும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் ஆட்டக்காரர் அந்த 0.2 நொடியில் 1.6 மீட்டர் போய்விடுவார். ஒரு மீட்டருக்குள் ஒட்டி நின்றால், அவர் திரும்பியது ஸ்டாப்பரின் மூளைக்கு எட்டும்போது ஆள் தாண்டியிருப்பார். கோணம் ‘கிட்டே போ’ என்கிறது; காலம் ‘தள்ளி நில்’ என்கிறது. இரண்டும் சமாதானமாகும் இடம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். நல்ல ஸ்டாப்பர்கள் அளவுகோல் இல்லாமல் சரியாக அங்கே வந்து நிற்பதை நான் வியந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவர்கள் நேராக நிற்பதும் இல்லை. ஒருக்களித்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்பார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டி வந்தாலும் பாதித் திருப்பம் ஏற்கெனவே முடிந்திருக்கும். அதோடு எதிராளிக்கு ஒரு பக்கத்தை வேண்டுமென்றே திறந்துவிடுவார்கள்: அவருக்கு வராத கால் பக்கம், அல்லது எல்லைக்கோட்டுப் பக்கம். அவர் தாமே வழி கண்டுபிடித்ததாக நினைத்துப் போவார். பார்வை எங்கே? முகத்தில் இல்லை, தோளிலும் இல்லை. தோளும் தலையும் பொய் சொல்லும். உடம்பின் எடை மையம் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதை ஏமாற்றி எங்கும் போக முடியாது. ஆகவே கண் இடுப்பிலும் பந்திலும் இருக்கும். வேகமாக ஓடுகிறவர் பந்தைத் தட்டிவிட்டு அடுத்து தொடும் வரை, பந்து அவர் காலுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் முன்னால் உருளும். அந்தக் கண நேரம்தான் பறிப்பதற்கான ஜன்னல். அதற்கு முன்னே காலை விட்டால் ஃபவுல், பின்னே விட்டால் கோல்.

காலம் தவறிப்போன ஸ்டாப்பருக்கு ஒரு பழைய குறுக்கு வழி உண்டு: எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பது. விதிப்படி ஃபவுல். ஆனால் தொளதொளச் சட்டையில் ஒரு பிடித் துணியை இழுத்தால் நடுவர் கண்ணில் படாது. இதற்கு மருந்து பின்னலாடைத் தொழிலிலிருந்தே வந்தது. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்கு இத்தாலி அணி, கப்பா நிறுவனம் தயாரித்த ‘காம்பேட் 2000’ என்ற சட்டையில் இறங்கியது. உடம்போடு ஒட்டிய, இழுத்தால் நீளும் நீலச் சட்டை. யாராவது பிடித்து இழுத்தால் துணி அவர் கையோடு நீண்டு, மைதானம் முழுக்கத் தெரியும். சட்டையே சாட்சி சொல்லும்.

அந்தத் துணி எப்படி நீளுகிறது என்பதை நம் ஊர் நிட்டிங் மெஷின் முன்னால் நின்றே பார்த்துவிடலாம். தறியில் நெய்த துணியில் நூல்கள் நேர்க்கோடாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. இழுத்தால் நூலையே நீட்ட வேண்டும். பின்னலில் ஒவ்வொரு நூலும் கண்ணி கண்ணியாக வளைந்து, முந்தைய வரிசைக் கண்ணிக்குள் புகுந்து நிற்கிறது. இழுக்கும்போது நீளுவது நூல் அல்ல, கண்ணியின் வளைவு. 30 இஞ்ச் டயா, 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி) வட்ட மெஷினில் சுமார் 2,260 ஊசிகள் இருக்கும். 90 ஃபீடர் (நூல் ஊட்டும் முனை) வைத்து நிமிடத்துக்கு 25 சுற்று ஓட்டினால், ஒரு நிமிடத்தில் 50 லட்சம் கண்ணிகள் விழுகின்றன. ஒரு சாதாரண டீ-சர்ட்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் கண்ணிகள் வேண்டும். அவ்வளவையும் எண்ணாமல் போட்டுக்கொண்டே போகிறது அந்த மெஷின்.

வளைவு நீளும், சரி. திரும்பிப் பழைய இடத்துக்கு வர வேண்டுமே? அதற்குத்தான் எலாஸ்டேன் என்ற செயற்கை இழை. நம் ஊரில் எல்லோரும் லைக்ரா என்ற வணிகப் பெயரால்தான் சொல்கிறோம். 1958-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் மென்மையான பகுதியும் கெட்டியான பகுதியும் மாறி மாறி வரும். மென்மையான பகுதி சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் பிரிந்து நீளுகிறது. கெட்டிப் பகுதிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலிகளை நழுவவிடாமல் நிறுத்த, விட்டதும் மென்மையான பகுதி தானே மறுபடி சுருண்டுகொள்கிறது. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்கு நீண்டும் திரும்பி வரும் இழை அது.

அந்த நீலச் சட்டையில் 2000 ஜூன் 29 அன்று ஆம்ஸ்டர்டாமில் இத்தாலி காட்டியதுதான் தடுப்பாட்டத்தின் உச்சம் என்பேன். அரையிறுதி, எதிரணி நெதர்லாந்து, அதுவும் அவர்கள் மண்ணில். 34-ஆம் நிமிடத்தில் இத்தாலியின் ஜாம்ப்ரோட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மிச்சம் இருந்த 86 நிமிடங்களைக் கூடுதல் நேரமும் சேர்த்துப் பத்துப் பேராக ஆடினார்கள். நெதர்லாந்துக்கு இரண்டு பெனால்ட்டிகள் கிடைத்தன. ஒன்றை இத்தாலியின் கோல்கீப்பர் டோல்டோ தடுத்தார், ஒன்று கம்பத்தில் பட்டது. கோல் இல்லை. கடைசியில் பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் இத்தாலி வென்றது. பின்வரிசையின் நடுவில் நின்றவர்களில் ஒருவர் ரோம் நகரத்து அலெஸாண்ட்ரோ நெஸ்டா. அவரும் இந்தக் கதையில் சென்னைக்கு வரப்போகிறவர்.

பத்துப் பேர் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? தனித்தனி ஆட்களாக அல்ல, ஒரே வரிசையாக. இதைப் பாடமாக்கியவர் ஏசி மிலான் அணிக்கு 1989, 1990 இரண்டு ஆண்டும் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர் அரிகோ சாக்கி. அவர் பின்னாளில் சொன்ன பயிற்சி இது: கோல்கீப்பரோடு நான்கு தடுப்பாட்ட வீரர்கள் ஒருபுறம், அதே அணியின் குல்லிட், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேர் மறுபுறம். பதினைந்து நிமிடத்தில் பத்துப் பேர் ஒரு கோல் அடிக்க வேண்டும். பந்தை இழந்தால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எத்தனை முறை நடத்தியும் கோல் விழவில்லை என்றார் சாக்கி. அந்த நான்கு பேரும் பின்னல் துணியின் கண்ணிகளைப் போல. ஒருவரை எதிரணி முன்னால் இழுத்தால் பக்கத்தில் இருப்பவர் அந்த இழுப்பை வாங்கி நகருகிறார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் நகருகிறார். வடிவம் மாறினாலும் ஓட்டை விழுவதில்லை. ஒரு ஊசி நூலை விட்டால் மட்டும் கோடு அடிவரை ஓடிவிடும்.

இந்த வரிசைக்கு ஆயுதமும் உண்டு: ஆஃப்சைடு. பந்து கொடுக்கப்படும் கணத்தில், எதிரணி ஆள் பந்தையும் கடைசிக்கு முந்தைய தடுப்பாளரையும் தாண்டிக் கோல்பக்கம் நின்று ஆட்டத்தில் சேர்ந்தால் அது ஆஃப்சைடு. பாஸ் புறப்படுவதற்குச் சற்று முன் நான்கு பேரும் ஒன்றாக முன்னேறினால், ஓடிவருபவர் தானாக விதிக்கு வெளியே விழுந்துவிடுவார். அவர் நொடிக்கு 8 மீட்டர், இவர்கள் எதிர்த்திசையில் 4 மீட்டர் என்றால், 0.1 நொடியில் இடைவெளி 1.2 மீட்டர் மாறிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. நால்வரில் ஒருவர் அந்த அளவு தாமதித்தால் போதும், பொறி தங்களுக்கே பொறியாகும்.

மெட்டராஸி இந்தக் கலையின் உச்சத்துக்கு மெதுவாகத்தான் வந்தார். சிசிலித் தீவின் மார்சாலா, டிரபானி அணிகள்; பிறகு பெருஜா, கார்பி; 1998-ல் ஓராண்டு இங்கிலாந்தின் எவர்டன்; மறுபடி பெருஜா. 2000-01 பருவத்தில் அவர் இத்தாலிய முதல் தட்டு லீக்கில் 12 கோல் அடித்தார். ஒரு தடுப்பாட்ட வீரர் அதுவரை ஒரே பருவத்தில் அவ்வளவு அடித்ததில்லை. இன்டர் மிலான் அழைத்துக்கொண்டது. பத்து ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தேசிய அணியில் மட்டும் அவர் மாற்று ஆள். 2002 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராக நெஸ்டா காயப்பட்டபோது உள்ளே வந்தவர் மெட்டராஸி. 2006-ல் செக் குடியரசுக்கு எதிராக நெஸ்டா மறுபடி காயப்பட, மறுபடி இவரே வந்தார். வந்த பத்து நிமிடத்துக்குள் தலையால் ஒரு கோல்.

ஜூலை 9, பெர்லின், பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டம். ஏழாவது நிமிடத்தில் மெட்டராஸி செய்த ஃபவுலுக்குப் பெனால்ட்டி, பிரான்ஸின் ஜிடேன் கோல் அடித்தார். பன்னிரண்டு நிமிடம் கழித்து இத்தாலியின் பிர்லோ அடித்த கார்னர். கார்னர் கொடியிலிருந்து கோலின் நடுவுக்கு 34 மீட்டர். சுழன்று வரும் பந்து ஒரு பக்கக் காற்றைத் தன்னோடு இழுப்பதால் வளைந்து போகும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். அந்த வளைவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 60 சென்டிமீட்டர் குதித்து உச்சிக்குப் போக 0.35 நொடி ஆகும். பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால், கால் தரையை விடும்போது அது இன்னும் 7 மீட்டர் தள்ளி இருக்கும். அதாவது அவர் குதிப்பது பந்து இருக்கும் இடத்துக்கு அல்ல, வரப்போகும் இடத்துக்கு. ஒரு சலுகையை மட்டும் இயற்பியல் தருகிறது: குதித்தவர் காற்றில் இருக்கும் நேரத்தில் சரிபாதியை உயரத்தின் மேல் கால்பங்கிலேயே கழிக்கிறார். அந்தரத்தில் நிற்பதுபோல் நமக்குத் தோன்றுவது அதனால்தான். மோதும் கணத்தில் கழுத்துத் தசைகள் இறுகி, ஐந்து கிலோ தலை உடம்போடு ஒன்றாகிறது. அரைக்கிலோவுக்கும் குறைவான பந்து வேறு வழியில்லாமல் திரும்புகிறது. பிரான்ஸின் நெடிய வியேராவின் தலைக்கு மேலே மெட்டராஸியின் தலை எழுந்தது. 1-1.

அந்த ஆட்டத்தை உலகம் ஜிடேன் மெட்டராஸியின் நெஞ்சில் முட்டி வெளியேறியதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகப் படுவது வேறு ஒரு எண்: ஏழு ஆட்டங்களில் இத்தாலி வாங்கிய கோல்கள் இரண்டே. ஒன்று அவர்களே தவறுதலாகத் தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்டது, மற்றொன்று அந்தப் பெனால்ட்டி. ஆட்ட ஓட்டத்தில் எந்த எதிராளியாலும் ஒன்றுகூட அடிக்க முடியவில்லை. ஷூட்-அவுட்டில் மெட்டராஸியும் தன் அடியை வலைக்குள் அனுப்ப, கோப்பை இத்தாலிக்குப் போனது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, அணித்தலைவர் கன்னவாரோ என்ற இன்னொரு ஸ்டாப்பருக்குக் கிடைத்தது. அவர் உயரம் 1.76 மீட்டர்தான்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் மெட்டராஸி வந்து சேர்ந்தார். பருவத்தின் பின்பகுதியில் நெஸ்டாவையும் அழைத்தார். காயத்தால் ஒருவர் வெளியேற மற்றவர் உள்ளே வந்த இருவரும் சென்னை அணிக்காக ஆடியதோடு தங்கள் ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு அணி பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய், கடைசி லீக் ஆட்டங்களை வரிசையாக வென்று மேலே வந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, 3-0 என்று வென்றார்கள். 2015 டிசம்பர் 20, ஃபட்டோர்டா மைதானம், கோவா அணிக்கு எதிரான இறுதியாட்டம்: 90-ஆம் நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, 3-2 என்று கோப்பையை எடுத்தது.

மெட்டராஸி 2017-ல் விலகினார். ஆனால் 2015-ல் அவர் அணியில் ஆடிய பிரேசில் நாட்டு ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ், 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்திலும் சென்னைக்காக இறங்கினார். அந்த ஆட்டத்தில் சென்னை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைப் பெற்றது. மூன்றில் இரண்டு கோல்கள் அவர் தலையால் அடித்தவை.