உடற்பயிற்சி முதலில், மூலிகை துணைக்கு

மாதவிடாய் தள்ளிப்போதல், முகப்பரு, முகத்தில் உரோமம், எடை கூடுதல், கருத்தரிப்பில் தாமதம் ஆகியவை சினைப்பை நீர்க்கட்டி நோயின் (பி.சி.ஓ.எஸ்.) அறிகுறிகளாக இருக்கலாம். கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. இவை முழு வளர்ச்சி பெறாது நின்ற கருமுட்டைப் பைகளே. அறுத்து அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல.

உடற்பயிற்சி ஏன்?

இந்நோயுற்றோர் பலருக்கு இன்சுலின் சரிவரச் செயற்படுவதில்லை. அதனை ஈடுகட்ட மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்மை இயக்குநீரைப் பெருக்குகிறது. உழைக்கும் தசையோ இன்சுலினை அதிகம் நாடாமலே இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஆகவே, எடை குறையாவிடினும் பயிற்சியால் நன்மை உண்டு.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியையும், இடைவெளி விட்ட இரு நாள்களில் தசை வலுவூட்டும் பயிற்சியையும் 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நேமத்தான்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் அகன்ற தெருக்கள் நடைக்கு ஏற்றவை. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடந்தால் இக்கணக்கு நிறைவுறும். நடக்கையில் பேச இயல வேண்டும். பாட இயலாதிருக்க வேண்டும். அதுவே உரிய வேகம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்தல் தசைக்கு வலுவூட்டும்.

மூலிகைகள் உதவுமா?

வெந்தயமும் இலவங்கப்பட்டையும் ஓரளவு உதவலாம் எனச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. கழற்சிக்காய் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆயினும், இவற்றை மட்டுமே நம்புமளவுக்குச் சான்றுகள் போதா. இவற்றை உண்போர் கவனிக்க வேண்டியவை:

• சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளுடன் சேரும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.
• கடைகளில் பரவலாகக் கிடைக்கும் காசியா வகைப் பட்டையில் கூமரின் என்னும் பொருள் உள்ளது. மிகுதியாக உண்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.
• மாதவிடாய் ஒழுங்காக வராத நிலையிலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. ஐயமிருப்பின் பரிசோதித்தறியும் வரை மூலிகை மருந்துகளைத் தவிர்க்கவும்.
• கும்மாயத்தில் உளுந்து இருப்பினும் கருப்பட்டியும் மிகுதி. கருப்பட்டியும் சர்க்கரையே, அளவோடு உண்க.

குடும்பத்தினருக்கு

"திருமணமானால் தானே சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டா. மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிடாய் வராவிடில் மருத்துவரைக் காண்பது இன்றியமையாதது. கருப்பையின் உட்சவ்வு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் புற்றுநோய் வாய்ப்பு கூடும். பொடியை உண்டுகொண்டு மாதங்களைக் கடத்துவதில் உள்ள பேரிடர் இதுவே. வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டு, நடைப்பயிற்சிக்கான அரை மணியை அவருக்கு அளியுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உண்டுவரும் மாத்திரை, பொடி, இலேகியம் அனைத்தையும் ஒரு பையிலிட்டுத் தயங்காது கொண்டுவாருங்கள். எதைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்பதை மருத்துவர் அவற்றைப் பார்த்தே கூற இயலும்.