ஒரு நாட்பேரும் ஒரு குடும்பத்தின் பசியும்



மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்திலே திராட்சைத் தோட்ட உரிமையாளர் ஒருவரைச் சந்திக்கின்றோம். விடியற்காலையில் வேலைக்கு வந்தவருக்கும், பொழுது சாயும் வேளையில் வந்தவருக்கும் அவர் ஒரே நாட்கூலியை வழங்குகின்றார். இவ்வுவமை முதற்கண் இறைவனின் தாராளத்தையே எடுத்துரைக்கின்றது. ஆயினும் அதனுள் இன்னுமோர் உண்மை உறைந்துள்ளது. ஒரு மணி நேரமே உழைத்தவனின் வீட்டிலும் அன்றிரவு பசி முழுப் பசியாகவே இருந்தது.

நமது மலையகத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். குறித்த நிறையளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். இதுவே பல தோட்டங்களின் வழக்கம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், அரசு வழங்கும் 200 ரூபா வரவு ஊக்குவிப்புக் கொடுப்பனவுடன் சேர்த்து 1750 ரூபாவை முன்மொழிந்தது. இடையில், 2022 செப்டெம்பரில், பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்த 1750 ரூபாவும் குறைவின்றிக் கிடைப்பதாகவே கொள்வோம். மாதத்தில் 15 நாட்களே வேலை அமைந்தால் வருமானம் 26,250 ரூபா. அதனை 30 நாட்களுக்கும் ஐவருக்கும் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 175 ரூபா. உணவு, மருந்து, பாடசாலைச் செலவு யாவும் இதற்குள் அடங்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு தாய் வீட்டில் நின்றால், அன்றைய சம்பளமும் இல்லை. வரவுக் கொடுப்பனவும் இல்லை. நாளைக்கு எவ்வளவு என்று வாதிடும் நாம், மாதத்திற்கு எத்தனை நாள் என்று கேட்கத் தவறுகின்றோம். சம்பளம் நாட்கணக்கில் வருகின்றது. பசியோ நாள் தவறுவதில்லை.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளியின் வாழ்வைத் தாங்க இயலாத கூலி, அவன் இசைந்து பெற்றதாயினும் நீதியாகாது என்று கற்பித்தார். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குடும்பத்தைப் பேணப் போதுமான ஊதியத்தை வலியுறுத்தினார். அதனைச் சம்பளமாகவோ, குடும்பக் கொடுப்பனவுகள் வாயிலாகவோ உறுதிசெய்யலாம் என்றும் அவர் சுட்டிக்காட்டினார். எனவே, தேயிலை விலையும் உற்பத்திச் செலவும் தடை என நிர்வாகங்கள் கூறும்போது, உரையாடல் அங்கே முடிந்துவிடுவதில்லை. மீதியை யார் சுமப்பது என்ற வினா அரசையும் சமுதாயத்தையும் நோக்கித் திரும்புகின்றது.

அவ்வினா நம்மையும் நோக்கித் திரும்புகின்றது. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ இளையோர் நகரங்களின் கடைகளிலும் இல்லங்களிலும் பணிபுரிகின்றனர். தொழில்தருநர் 12 சதவீதம் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதியோ, பிள்ளைப்பேற்றுக்கான 84 நாள் விடுமுறையோ இவர்களுள் பலருக்கு எட்டாக்கனியாகவே உள்ளன. நம் இல்லத்திலோ கடையிலோ பணிபுரிபவர் நோயுற்ற நாளில் அவரது சம்பளத்தை வெட்டுகின்றோமா? அவரது முதுமைக்கென ஏதேனும் ஒதுக்குகின்றோமா? நாம் கொடுப்பதைக் கொண்டு அவரது பிள்ளைகள் மாத இறுதிவரை உண்ண முடியுமா?

கூலியைப் பிடித்துவைப்போருக்கு எதிராக அக்கூலியே இறைவனை நோக்கிக் கூக்குரலிடுகின்றது என்கிறார் யாக்கோபு. அக்கூக்குரல் நம் வாசலிலிருந்தும் எழுகின்றதா என்று இவ்வாரம் செவிமடுப்போம். எழுமாயின், ஆலயம் செல்லுமுன் அக்கணக்கைத் தீர்ப்போம்.