கொரோனா வந்தப்போ திருத்தணியில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை... ஏன்? நகராட்சிக் கூட்டம் நடந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?

தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல். குழாயில் வர்ற தண்ணி கலங்கலா இருக்கு. சாக்கடை தூர்வாரி மாசக்கணக்காச்சு. இப்படி ஒரு நிலைமை வந்தால் மக்கள் முதலில் போன் போடுவது வார்டு கவுன்சிலருக்குத்தான். எடுத்தால் சரி, எடுக்கவில்லை என்றால் காலையில் டீக்கடையில் வைத்து மடக்கிவிடலாம்.

ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது திருத்தணி நகரத்தில் அப்படி மடக்குவதற்கே ஆள் கிடையாது. 21 வார்டுகள் கொண்ட நகராட்சி அது. 2011 கணக்கெடுப்பின்படி 44 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர். ஆனால் ஒரு கவுன்சிலர்கூட பதவியில் இல்லை. முதல் அலையும் இரண்டாம் அலையும் அப்படியேதான் கடந்து போயின. திருத்தணி மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எல்லா நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் அன்றைக்கு இதே கதைதான்.

இது எப்படி நடந்தது? அதனால் மக்கள் இழந்தது என்ன?

5 ஆண்டு 4 மாதம் காலி நாற்காலி

2011-ல் தேர்வான உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபர் 24-ம் தேதி முடிந்தது. அதற்கு முன்பாகவே, அக்டோபர் 17 மற்றும் 19-ல் வாக்குப்பதிவு என்று அறிவிப்பு வெளியாகி, வேட்புமனு தாக்கல்கூட நடந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்று திமுக தரப்பில் வழக்கு போடப்பட்டது. அக்டோபர் 4-ம் தேதி அந்தத் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், டிசம்பர் 31-க்குள் தேர்தலை முடிக்கும்படியும் சொன்னது.

முடியவில்லை. மேல்முறையீடு, வார்டு மறுவரையறை, புதிய மாவட்டங்கள் பிரிப்பு, மறுபடியும் வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. நடுவில் கொரோனாவும் வந்து சேர்ந்தது. கடைசியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். கவுன்சிலர்கள் பதவியேற்றது மார்ச் 2-ம் தேதி.

இத்தனைக்கும் அரசியலமைப்பின் 243-யு பிரிவு தெளிவாகவே சொல்கிறது: நகராட்சியின் ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். கொரோனாதான் காரணம் என்று சொல்லவும் வழியில்லை. தொற்று வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாற்காலிகள் காலியாகிவிட்டன. தொற்றுக்கு நடுவிலேயே 2021 ஏப்ரல் 6-ம் தேதி சட்டமன்றத் தேர்தலும் நடந்தது.

கிராமத்தில் தலைவர் உண்டு, நகரத்தில் இல்லை

திருத்தணியைப் பொறுத்தவரை இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் மட்டும் நடந்தது. அதில் திருவள்ளூர் மாவட்டமும் உண்டு. அதனால் நகராட்சி எல்லையைத் தாண்டி பக்கத்து கிராமத்துக்குள் கால் வைத்தால் ஊராட்சித் தலைவர் இருந்தார், வார்டு உறுப்பினர் இருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் நகரவாசிக்கு யாரும் இல்லை.

சரி, கிராமத்திலாவது மக்கள் கூடிப் பேசினார்களா என்றால், அதுவும் இல்லை. 2020-ல் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய மூன்று கிராம சபைக் கூட்டங்களும் தொற்றைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டன. கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்பது நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு மாற்றாக, தெருத்தெருவாகப் பிரித்தோ போன் வழியாகவோ மக்களின் கருத்தைக் கேட்க ஓர் ஏற்பாடு அப்போது வரவில்லை.

அதிகாரிகள் வேலை பார்க்கலையா?

பார்த்தார்கள். தூய்மைப் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்ததை ஊரே பார்த்தது. கிருமிநாசினி தெளிப்பு, காய்ச்சல் முகாம், தொற்று வந்த தெருவை அடைப்பது என எதுவும் நிற்கவில்லை. கவுன்சில் இல்லாத காலத்தில் அதன் அதிகாரம் 'தனி அலுவலர்' என்ற பெயரில் ஓர் அரசு அதிகாரியிடம் போய்விடும். கவுன்சில் கூடி நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்துக்கு அவர் கையெழுத்து ஒன்றே போதும்.

சிக்கலே இங்கேதான். நோயை விரட்டுவது அதிகாரி வேலை. ஆனால் அதற்காக யார் எவ்வளவு கஷ்டப்படுவது என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரே சரியான பதில் கிடையாது, பேசித்தான் தீர்க்க வேண்டும்.

திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். ஊரின் பொழைப்பு பாதிக்கும் மேல் மலையை நம்பித்தான். 365 படிக்கட்டு, அதன் அடிவாரத்தில் பூக்கடை, தேங்காய்க் கடை, மொட்டை போடுபவர்கள், லாட்ஜ், ஆட்டோ. 2020 மார்ச்சில் மூடிய கோயில்கள் பக்தர்களுக்காக முழுமையாகத் திறந்தது செப்டம்பர் 1-ல்தான். லட்சக்கணக்கில் காவடி வரும் ஆடிக்கிருத்திகை 2020, 2021 இரண்டு ஆண்டும் பக்தர் கூட்டமில்லாமல் முடிந்தது. சென்னைக்குப் போய்வர உதவும் புறநகர் ரயிலும் மாதக்கணக்கில் நின்றது. சுற்றுவட்டாரத்தில் தறி ஓட்டுபவர்களுக்கு நூலும் வரவில்லை, துணியும் போகவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். வருமானமே இல்லாத மாதங்களுக்கு நகராட்சிக் கடைகளின் வாடகையை என்ன செய்வது? சந்தையை எந்த மைதானத்துக்கு மாற்றுவது, அங்கே யாருக்கு இடம்? தகரம் வைத்து அடைத்த தெருவுக்குள் பால் எப்படிப் போகும், கர்ப்பிணியை எந்த வழியாக வெளியே கூட்டி வருவது? இதெல்லாம் மருத்துவக் கேள்விகள் இல்லை, கவுன்சிலில் மேஜையைத் தட்டிப் பேச வேண்டிய கேள்விகள். அப்படி மேஜையைத் தட்ட ஆளில்லாததால், மனு கொடுப்பதும் காத்திருப்பதும்தான் மக்களுக்கு மிச்சம்.

எல்லையில் எழுந்த சுவர்

பேசாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில், வேலூர் மாவட்டத்திலிருந்து ஆந்திராவுக்குப் போகும் சாலைகளில் குறுக்கே சுவரே கட்டிவிட்டார்கள். குடியாத்தம் – பலமநேர் சாலையில் சைனகுண்டா பக்கம் எழுந்த சுவர் அதில் ஒன்று. ஆம்புலன்ஸ் எப்படிப் போகும், விளைபொருள் எப்படி வரும் என்று இரண்டு பக்கமும் எதிர்ப்பு கிளம்ப, ஓரிரு நாளிலேயே இடித்தும் தள்ளினார்கள்.

எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. திருத்தணிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 வரை அந்த ஊரே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மா.பொ.சி. உள்ளிட்டோரின் போராட்டத்துக்குப் பிறகே தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரியிலும் புத்தூரிலும் இன்றும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் ஏராளம். எந்தச் சாலையை அடைத்தால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பது அந்த வார்டில் குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கொரோனா காலத்தில் முக்கிய உத்தரவுகள் எல்லாம் 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்தன. அதன்படி மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் கலெக்டர். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: அதே சட்டத்தின் 25-வது பிரிவு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி அந்த ஆணையத்தின் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்கிறது. மாவட்ட ஊராட்சி இருக்கும் இடத்தில் அதன் தலைவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். அதாவது, அதிகாரி மட்டும் தனியாக முடிவெடுக்கட்டும் என்று சட்டமே நினைக்கவில்லை.

அரசியலமைப்பின் 12-வது அட்டவணையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை அதில் 6-வது. 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. காலரா காலத்து அனுபவம் அது. ஊர் மக்கள்தொகையைப் போல பல மடங்கு கூட்டம் ஒரே நாளில் வந்து இறங்கும் திருத்தணி மாதிரி ஊருக்கு அது இன்றைக்கும் பொருந்தும்.

பணத்திலும் அடி விழுந்தது. 14-வது நிதி ஆணையத்தின் மானியம், முறையாகத் தேர்தல் நடந்து அமைந்த உள்ளாட்சிகளுக்கு மட்டும்தான் என்பது விதி. தேர்தல் நடக்காததால் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்திய நிதி தாமதமானது.

கேரளாவில் எப்படி?

அங்கே 2020-ல் உள்ளாட்சிகள் உயிரோடு இருந்தன. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே பஞ்சாயத்து, நகராட்சி வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாய சமையல்கூடங்கள் இயங்கின. எந்த வீட்டுக்குச் சாப்பாடு வேண்டும் என்ற பட்டியல் வார்டு அளவில் தயாரானது, குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்தார்கள். பதவிக்காலம் முடிந்ததும் அதே ஆண்டு டிசம்பரில், தொற்றுக்கு நடுவிலேயே, மூன்று கட்டமாக உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தி முடித்தார்கள். அதனால் கேரளாவில் தொற்றே குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டாம் அலையில் அந்த மாநிலமும் திணறியது. ஆனால் பட்டினி, தனிமை, மருந்து போன்ற விஷயங்களில் கதவைத் தட்ட ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

இப்போ கவுன்சில் இருக்கு... என்ன கேட்கலாம்?

அரசு மருத்துவமனையில் டாக்டர் இல்லை என்று நகராட்சிக் கூட்டத்தில் கத்திப் பயனில்லை. மருத்துவமனை மாநில அரசின் கையில். கவுன்சிலின் கையில் இருப்பது குடிநீர், குளோரின், குப்பை, கால்வாய், கொசு மருந்து, சந்தை, சுடுகாடு, பொதுக் கழிப்பறை. காய்ச்சல் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

டெங்குவை வைத்துப் பார்த்தால் புரியும். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கவுன்சில் கூடுவதோ மாதம் ஒரு தடவை. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் கொசு மூன்று தலைமுறை பார்த்துவிடும்! அதனால் காய்ச்சல் பரவிய பிறகு அவசரத் தீர்மானம் போட்டால் தாமதம்தான். மழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டங்களில், வார்டுக்கு எத்தனை கொசு ஒழிப்புப் பணியாளர்கள், வாரத்தில் எந்த நாள் எந்தத் தெரு, பிளீச்சிங் பவுடர் கையிருப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும். உங்கள் கவுன்சிலர் கேட்டாரா இல்லையா என்பது கூட்டத் தீர்மானங்களில் பதிவாகியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இன்னொரு வழி, ஏரியா சபை. கிராம சபை மாதிரியே நகர மக்களுக்காக 2022-ல் விதிகள் கொண்டுவரப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. கவுன்சிலர் தலைமையில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசலாம். அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்றால் நாலு பேரோடு நடந்து முடிந்துவிடும்.

இதற்கிடையே நிலைமை தலைகீழாகியிருக்கிறது. திருத்தணியைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. திருத்தணி நகராட்சி கவுன்சிலின் 5 ஆண்டு முடிவது 2027 மார்ச்சில்.