நடுவயதின் சுமையும் நாகூர் ஹனீபாவின் குரலும்

நாற்பதைக் கடந்தோர் பாட்டில் தேடுவது ஆறுதலையே. 1961இல் ஜப்பானியப் பாடகர் கியூ சகாமோட்டோ, கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் ஒருவனைப் பாடினார். 1963இல் அமெரிக்காவிலும் அப்பாடல் முதலிடம் பெற்றது. நம் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா (1925-2015) அவர்களோ, ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலில் துன்புற்றோருக்கு துஆவின் வாசலைக் காட்டினார்.

மகளின் நிக்காஹ் செலவு, வேலையிழப்பு, ஏறிய கடன் என உள்ளம் சோர்ந்த இராயபுரம், திருவொற்றியூர் இல்லங்களில் அவ்வொலிநாடா ஓயாது சுழன்ற காலம் உண்டு. தெருக்கோடி வரை எட்டும் கம்பீரக் குரலல்லவா அது!

இசை கூடாதென்போர் கருத்தையும் மதிக்கிறோம். ஆயினும், துறைமுகத்தில் இரவுப்பணி முடித்துத் தளர்ந்து திரும்பிய தந்தையர், அப்பாடலைக் கேட்டபின் உளூச் செய்து முஸல்லாவை விரித்ததைக் கண்டிருக்கிறோம்.